மூன்று முறை கத்தியது

மூன்று முறை கத்துகிறது. நீளமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி நீளமாக. அப்புறம் கம்ப்யூட்டருக்குள் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்கிறேன், மனசுக்குள் பத்து எண்ணுகிறேன், மறுபடி போடுகிறேன், மறுபடி மூன்று. இது ஒன்பதாவது தடவை. மணி பத்து ஐந்து. பன்னிரண்டுக்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும், பதினொன்றரைக்குள் தணிகாசலம் வந்துவிடுவார். பெயரைச் சொல்கிறேன், மனசுக்குள்தானே. இருபத்தெட்டு வருஷமாக வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் கேட்டால்கூட ஆதார் கார்டை நீட்டிவிடுவேன். மனசுக்குள் மட்டும் முழுசாகச் சொல்லிக்கொள்வேன், தணிகாசலம், தணிகாசலம், பல்லைக் கடித்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும்போது, அவர் சட்டைக் காலரைத் தேய்க்கும்போது. அதில் ஒரு சுகம் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது. ராணிப்பேட்டையில் அவருடைய தம்பி மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழா. எனக்குத் தலைவலி என்று சொன்னேன். "மாத்திரை போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன தலைவலி, எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ என்னவோ, இன்றைக்கு உங்கள் சிஸ்டத்தைத் திறக்கப் போகிறேன் என்று. கேட்கவில்லை. மாத்திரை போட்டுக்கோ. போட்டுக்கொண்டேன்.

சின்ன வேலை மேடம், பழசை எடுத்துட்டுப் புதுசைச் சொருகுனா முடிஞ்சுது, ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வரும், அவ்ளோதான் என்றான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரன். ரேம் என்றால் கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி, ஒரு விரல் அகலப் பட்டை, பல் வரிசை மாதிரி அடியில் தங்க நிறக் கோடுகள். பழையது எட்டு ஜிபி, புதியது முப்பத்திரண்டு, எண்ணில் மட்டும்தான் வித்தியாசம், பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எட்டு மாசமாகக் கேட்டேன். வீடியோவை ஏற்றி இசையைச் சேர்த்ததும் சிஸ்டம் உறைந்துவிடுகிறது, மௌஸ் நகர மாட்டேன் என்கிறது, ரேம் போதவில்லையாம், மாற்றித் தருகிறீர்களா என்று. பாக்கலாம். தீபாவளிக்குக் கேட்டேன், பாக்கலாம். பொங்கலுக்குக் கேட்டேன், கொஞ்சம் பொறு, பாக்கலாம். ஏப்ரலில் கேட்கவில்லை, முறைத்தேன், அதற்கும் பாக்கலாம் என்றார். இத்தனைக்கும் வேறு வேலை என்ன இருக்கிறது அந்த மனுஷனுக்கு. டெலிபோன் ஆபீசிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி ஏழு வருஷமாகிறது. வாங்கிய முதல் மாசம் மெட்ராஸ் போய் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, பூஜை மணையைப் போட்டு உட்கார்ந்து, நான்கு நாள் இந்த சிஸ்டத்தை அசெம்பிள் செய்தார். நான் காபி கொண்டுவந்து வைத்தால், தள்ளி வை, மேல கொட்டிடப் போற. தரையில் கால் படாமல் சுற்றிப் போ. மூச்சு விடாதே என்று மட்டும்தான் சொல்லவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், கடையில வாங்கினதில்ல, நானே பண்ணினது. ஒரு பெண்ணைப் பெற்றேனே இந்த வீட்டில், அதைப் பற்றி யாரிடமாவது இப்படிச் சொல்லியிருப்பாரா. அந்தப் பெண்ணும் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள், ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் அப்பா இருக்காரா என்பாள்.

பத்து பதினெட்டு. கீழ் வீட்டுக் குக்கர் கூவுகிறது, ஒன்று, இரண்டு, மூன்று, அதுவும் மூன்றுதான், அவளுக்குச் சாதம் வெந்துவிட்டது, அடுப்பை நிறுத்திவிட்டாள், பாக்கியவதி. எனக்கு மின்விசிறியைக்கூடப் போட முடியவில்லை, போட்டால் திருகாணிகள் வைத்த காகிதம் பறக்கும். வேலூர் வெயில் பத்து மணிக்கே ஜன்னல் கம்பியில் கை வைக்க விடாது. முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று நீளச் சத்தம் என்றால் ரேம் கிடைக்கவில்லை என்று அர்த்தமாம், போனில் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை என்றால் என்ன, அங்கேதானே இருக்கிறது, என் கையால் சொருகினேனே, இரண்டு பக்கமும் டக் டக்கென்று சத்தம் கேட்டதே. சரி, புதியதுதான் கெட்டது போல என்று அதை எடுத்துவிட்டுப் பழையதையே சொருகினேன். அதற்கும் மூன்று. காலையில் எட்டு மணி வரை ஓடிக்கொண்டிருந்த பட்டை அது. அதில்தான் நேற்று நான் கடிதம் எழுதும் பாடத்தை முக்கால்வாசி முடித்தேன். நான் கொன்றுவிட்டேன். கையில் உள்ள மின்சாரம் பட்டால் செத்துவிடுமாம், அவர் எப்போதும் முதலில் இரும்பைத் தொடுவார், நானும் தொட்டேனே, தொட்டேனா, தொட்டேன், தொட்ட மாதிரிதான் இருக்கிறது. நைலான் புடவை வேறு. பருத்தியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். யார் சொன்னார்கள் எனக்கு, எதையாவது சொல்லிக்கொடுத்தால்தானே.

போர்டில் ரேம் சொருக இரண்டே இரண்டு பள்ளங்கள். உள்பக்கம் ஒன்று, பழைய பட்டை அதில்தான் இருந்தது, அதன் தலைக்கு மேல் அவர் மாட்டியிருக்கிற ராட்சச விசிறி. வெறும் கணக்குப் போடுகிற, பேப்பர் படிக்கிற ஆளுக்கு எதற்கு இத்தனை பெரிய விசிறி. எடுக்கும்போதே அதன் தகடு கிழித்து ஆள்காட்டி விரலில் ரத்தம். அந்த இடுக்கில் மறுபடி ஒன்றைச் சொருக இரண்டு கட்டைவிரலும் போகாது, முயன்று பார்த்துவிட்டேன், பாதிதான் இறங்குகிறது. அதனால் வெளிப்பக்கப் பள்ளம். காலியாக, வசதியாக, கைக்கு எட்டும்படி இருக்கிறது, ஏழு வருஷமாக ஒன்றும் போடாமலே வைத்திருக்கிறார், ஏன், ஆசைப்பட்டால் இரண்டாவது ஒன்று போட்டிருக்கலாமே, கஞ்சன், என்று நினைத்துக்கொண்டே அதில்தான் புதியதைப் போட்டேன், அதில்தான் பழையதையும் போட்டேன். இப்போது புதியதை மறுபடி எடுத்து, அடிப்பக்கத்தை முந்தானையால் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி அழுத்துகிறேன். டக். டக். போடுகிறேன். கத்துகிறது. அது இயந்திரத்தின் சத்தம்தான், எனக்குத் தெரியும், சின்ன ஒரு ஸ்பீக்கரை அவர்தான் தனியாக வாங்கி மாட்டினார், இப்போதெல்லாம் யாரும் மாட்டுவதில்லை, இருந்தா நல்லது, என்ன கோளாறுன்னு அதுவே சொல்லும் என்று. சொல்கிறது. உனக்கு எதுக்கு. உனக்கு எதுக்கு. உனக்கு எதுக்கு.

இன்றைக்கு இது ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கக் கூடாது என்றால் அதைத்தான் நினைக்கிறது புத்தி. சென்னையில் பாட வீடியோ செய்கிற கம்பெனி, தமிழுக்கு ஒரே ஒரு ஆசிரியர், மூன்று பேரிடம் மாதிரி கேட்டிருக்கிறார்கள். மேம், பன்னெண்டு மணிக்கு நாங்க மீட்டிங் உக்காந்துடுவோம், அதுக்கப்புறம் வந்தா பாக்க முடியாது என்றாள் அந்தப் பெண், நல்ல பெண், மரியாதையாகத்தான் சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் கத்தியிருக்கிறேன். மங்கையர்க்கரசி மிஸ் என்றால் எட்டாம் வகுப்பு வாலெல்லாம் சுருட்டிக்கொள்ளும். போன வருஷம் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், கணினியில் பாடம் எடுக்கிறவர்கள்தான் இனி வேண்டுமாம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். விடு, வீட்டைப் பாத்துக்கோ என்றார் தணிகாசலம், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். வீட்டைப் பார்த்துக்கொள்ள அவர் ஒருத்தர் போதாதா, காலையிலிருந்து ராத்திரி வரை பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறார். இந்த வேலை கிடைத்தால் இந்த அறை என்னுடையது. பதிவு செய்யும்போது சத்தம் கூடாது, கதவைச் சாத்த வேண்டும். கதவைச் சாத்த எனக்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான், நான் கேட்பது அவ்வளவுதான். கிடைக்காவிட்டால், அவர் வந்து இதைத் திறந்து போட்டபடி பார்த்தால், இந்த அறைப் பக்கமே என்னை விடமாட்டார். ஒன்றும் சொல்ல மாட்டார், சண்டை போட மாட்டார், போட்டால் பதிலுக்குப் பேசலாமே. மெதுவாக மணையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு நிமிஷத்தில் சரிசெய்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார். அந்த இரண்டு நிமிஷத்தை அடுத்த தலைமுறை வரைக்கும் அவருடைய தம்பி குடும்பம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

பத்து நாற்பது. மேசை இழுப்பறையில் ஏதாவது கிடைக்குமா என்று கிளறுகிறேன். ஸ்க்ரூ டிரைவர்கள் அளவுவாரியாக ரப்பர் போட்டு. பழைய பனியன் துணி, நான்காக மடித்து. ஒரு சின்னப் பெயின்ட் பிரஷ், முனை ஏனோ செங்காவி நிறத்தில் இருக்கிறது, தொட்டிக்குக் காவி அடித்துவிட்டுக் கழுவாமல் வைத்திருப்பார், சுத்தம் பார்க்கிறவரின் லட்சணம். இந்த இழுப்பறையை நான் திறந்ததே இல்லை. அவருடையது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும், கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, தூசி ஊதி, பேப்பரை விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். நான் சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றுவேன், மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர், அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம். முதல் வருஷம் இந்த அறைக்கு வந்தபோது குளியலறையிலிருந்தே குரல். "மங்கை, உள்ள வைக்காத. மேல மட்டும் வை." உள்ளே வைக்காதே. நான் பெற்று வளர்த்து, சமைத்துப் போட்டு, வீட்டில் எல்லாவற்றுக்கும் என் கையால் பொட்டு வைக்கலாம், இவருடைய சிஸ்டத்துக்கு உள்ளே மட்டும் வைக்கக் கூடாது. அன்றைக்கு உள்ளேதான் வைத்தேன். ஒரு விரல் சந்தனத்தை எடுத்து நன்றாக அழுத்தி. அடுத்த வருஷமும். அதற்கடுத்த வருஷமும். அவர் குளிக்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதே, அவருடைய எல்லைக்கு உள்ளே, என் விரல். அவர் வந்து தகட்டை மாட்டுவார், ஒன்றும் சொல்ல மாட்டார், பார்க்கவேயில்லை என்று நினைத்து நான் சமையலறையில் சிரித்துக்கொள்வேன். போன வருஷ ஆயுத பூஜை இன்னும் விசேஷம். அவருடைய தம்பி குடும்பம் வந்திருந்தது. கிண்ணத்தோடு கூடத்தைக் கடக்கும்போது, "அண்ணி, அண்ணனுக்கு வைக்கலையா" என்று கேட்டான் கொழுந்தன். "ஓடுற மெஷினுக்கெல்லாம் வச்சாச்சு, ஓடாம உக்காந்திருக்கிறதுக்கு வைக்கிறதில்ல" என்றேன். கூடமே அதிர்ந்தது. அவரும் சிரித்தார், பேப்பரை மடித்து மடித்து, இனி மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக மடித்துக்கொண்டே சிரித்தார். அன்றைக்குப் பூராவும் எனக்கு மனசு லேசாக இருந்தது.

பதினொன்று. போன் டார்ச்சைப் போட்டுக் குனிகிறேன், உள்பக்கப் பள்ளத்தில் இன்னொரு தடவை முயன்று பார்க்கலாமா, விசிறியைக் கழற்றினால் என்ன, கழற்றினால் மாட்டத் தெரியுமா, தெரியாது, எனக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. பட்டையை உருவி வெளிச்சத்தை அந்தக் காலிப் பள்ளத்துக்குள் அடிக்கிறேன். சிவப்பாக இருக்கிறது. ரத்தம் என்றுதான் நினைத்தேன், விரலில் வெட்டியதே, அதுதான் சொட்டிவிட்டது என்று. விரலைப் பார்த்தால் அது எப்போதோ காய்ந்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிகிறேன். பள்ளத்தின் நடுவில், ஊசி ஊசியான கம்பிகளுக்கு இடையில், மஞ்சளாக ஒரு பொருக்கு. அதன் மேல் சிவப்பு. சந்தனம். வழிந்து உள்ளே இறங்கி, அடியில் உட்கார்ந்து, பாறையாகக் காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஏன் அந்த இடம். எனக்கு நினைவிருக்கிறது. காலியாக இருந்ததால். எதிலும் படாது, எதுவும் கெடாது, ஆனாலும் உள்ளேதான், என்று யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்த இடம். பட்டை சாகவில்லை. புதியதும் சாகவில்லை, பழையதும் சாகவில்லை, என் பொட்டின் மேலேதான் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தேன் காலையிலிருந்து. காது சூடாகிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரைத் திட்டுவது என்று தேடுகிறேன், பழக்கம், மனசு தானாக அந்தப் பக்கம்தான் போகிறது, தணிகாசலம், தணிகாசலம், ஆனால் மேலே என்ன சொல்வது என்று வரவில்லை.

கேட் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம், ஒன்று, இன்னொன்று. மணி பதினொன்று பத்துதான், சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார் போல. எழுந்திருக்கவில்லை. கதவருகில் வந்து நிற்கிறார், கையில் தாம்பூலப் பை, பட்டுச் சட்டை, நெற்றியில் அவர்கள் வைத்த சந்தனம். கேபினெட்டைப் பார்க்கிறார், பட்டைகளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். நான் தயாராக இருக்கிறேன், உனக்கு எதுக்கு இதெல்லாம் என்று ஆரம்பிக்கட்டும், எட்டு மாசத்தையும் எடுத்து மூஞ்சியில் வீசுகிறேன்.

"மூணு தடவ கத்துச்சா?"

"ம்."

"வெளிப்பக்கம் சொருகினியா?"

குனிந்து பார்க்கக்கூட இல்லை அவர். தாம்பூலப் பையை மேசை மேல் வைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து அந்தப் பிரஷை எடுத்துத் தருகிறார். செங்காவி முனை. தொட்டிக்கு அடித்த காவி இல்லை. என் குங்குமம்.

"ஆறு வருஷம் நான்தான் துடைச்சேன்" என்கிறார். "நீ அந்தப் பக்கம் போனதும். ஈரம் காயறதுக்குள்ள துடைச்சா வந்துடும்."

"போன வருஷம்?"

"துடைக்கல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் முகம் தெரியவில்லை. எட்டு மாசம். பாக்கலாம், பாக்கலாம், பாக்கலாம். ஒவ்வொரு தடவை நான் கேட்டபோதும் இந்தப் பொருக்கு இங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரேம் மாற்றத் தகட்டைத் திறந்தால் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அதனால் திறக்கவேயில்லை.

"தெரிஞ்சே விட்டீங்க."

"நீயா ஒரு நாள் திறந்து பாப்பேன்னு விட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஓடாததுக்குப் பொட்டு வைக்கிறதில்லன்னு சொன்னியே அன்னிக்கு. பொட்டு வச்சதுதான் ஓடல, பாரு" என்கிறார்.

அடேயப்பா. இத்தனை வருஷமாக நான் ஒரு சுவரோடு சண்டை போடுகிறேன் என்று நினைத்திருந்தேன். சுவர் இல்லை. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து, ஒன்று விடாமல் நினைவில் வைத்துக்கொண்டு, நாள் பார்த்துக் காத்திருந்திருக்கிறான். ஆத்திரம் தலைக்கேறுகிறது, அதோடு என்னவென்று சொல்லத் தெரியாத ஒன்றும் ஏறுகிறது. ஆறு வருஷம் அந்த விரல் அடையாளத்தைத் துடைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதே பனியன் துணியை நான்காக மடித்து வைத்திருக்கிறார். சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன், இன்னும் அதிகமாகத்தான் வைத்திருப்பேன்.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று மணையை இழுக்கிறார்.

"வேணாம். நானே பண்ணிக்கறேன். பன்னெண்டு மணிக்கு அனுப்பணும்."

மணையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிளக்கைப் பிடுங்கி, பல்குச்சியால் பொருக்கைக் கிளறி, பிரஷால் தட்டி, வாயால் ஊதி, மறுபடி கிளறுகிறேன். அவர் கேட்காமலே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வெளிச்சம் சரியான இடத்தில்தான் விழுகிறது, அதுவும் எரிச்சலாக இருக்கிறது. "பிரஷைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி" என்றார் ஒரு தடவை. நான் முறைத்தேன். புதிய பட்டையை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துகிறேன். டக். டக். பிளக்கை மாட்டிப் பொத்தானை அழுத்துகிறேன். ஒரே ஒரு தடவை, குட்டையாக, செல்லமாகச் சொல்வது போல ஒரு பீப். திரை வெளிச்சமாகிறது. பதினொன்று இருபத்தேழு. அவர் பெருமூச்சு விட்டார், நானும் விட்டேன், இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததற்காக எனக்குக் கோபம் வந்தது.

"கதவைச் சாத்திட்டுப் போங்க" என்கிறேன், திரையைப் பார்த்துக்கொண்டே.

போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முதல் தடவையாக இந்தக் கதவு எனக்காகச் சாத்தியிருக்கிறது. வீடியோவில் நான் சிரித்த முகமாக, வெளியூரில் இருக்கும் உறவினருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நலம், நலமறிய ஆவல், என்று முதல் வரியில் எழுத வேண்டும் குழந்தைகளா. இசையைச் சேர்த்தேன். உறையவில்லை. கடைசிப் பகுதியை ஒட்டினேன், உறையவில்லை. முப்பத்திரண்டு முப்பத்திரண்டுதான். பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினேன், வந்துவிட்டது மேம் என்று அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வரி வந்தது. நாற்காலியில் சாய்கிறேன். நகக்கண்ணில் இன்னும் சிவப்பு. கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் இரண்டு கால்களின் நிழல், போனவர் போகவில்லை, அரைமணி நேரமாக அங்கேயேதான் நின்றிருக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. அக்டோபரில் ஆயுத பூஜை வருகிறது. தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். இந்த வருஷமும் உள்ளேதான் வைப்பேன். துடைக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.